படக்கலைச் செம்மலுக்கு ஒரு வாழ்த்துமடல்

(திருவண்ணாமலை நகர மக்கள் சார்பில், பொன்னாடை போர்த்தி, மாலை சூட்டி, வாசித்தளிக்கப்படுவது)

பெருமதிப்பிற்குரிய ஐயா,

வாரத்தில் ஆறு நாள் அலுவலகத்துக்கும் ஏழாம் நாள் கலைக்கும் உழைக்கும் தங்களை வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்.

2,668 அடி உயர மலையும் 217 அடி உயர ராஜகோபுரமும் இருந்தும் இந்த ஊருக்கு நெடுநாளாக ஒரு குறை இருந்தது. இரண்டும் கட்டியவர் கட்டியபடி, படைத்தவன் படைத்தபடி நிமிர்ந்தே நின்றன. அவற்றைச் சாய்க்கவும் வெட்டவும் ஆரஞ்சு வண்ணத்தில் முக்கி எடுக்கவும் ஆளில்லாமல் தவித்தோம். மாதத் தவணையில் கைப்பேசி வாங்கிய அன்றே தாங்கள் அக்குறையைத் தீர்த்து வைத்தீர்கள்.

தொழில்முறைப் புகைப்படக்காரர் காசுக்கு எடுக்கிறார். தாங்கள் ஆசைக்கு எடுக்கிறீர்கள். காசுக்கு எடுப்பவரிடம் "சரியா வரலைங்க, இன்னொண்ணு எடுங்க" என்று சொல்லிவிடலாம். தங்களிடம் அது நடக்காது. ஆகவே பாராட்டுவது ஒன்றே எங்களுக்கு எஞ்சிய வழி.

அடிமுடி காணா அண்ணலே!

அன்னமாய்ப் பறந்த பிரமன் சிவனின் முடியைக் காணவில்லை. பன்றியாய் அகழ்ந்த திருமால் அடியைக் காணவில்லை. இந்தத் தலபுராணத்தைச் சிற்பிகள் கருவறைப் பின்சுவரில் லிங்கோத்பவராகச் செதுக்கினார்கள். அவர்களுக்கு உளியும் பொறுமையும் தேவைப்பட்டன. தாங்கள் ஒரே தட்டலில் முடிக்கிறீர்கள். தங்கள் ராஜகோபுரப் படத்தில் பதினோரு நிலைகளில் ஒன்பது தெரியும், கலசம் தெரியாது. அடியில் நிற்கும் தங்கள் ஆயாவுக்கு முழங்கால்வரை உண்டு, பாதம் இல்லை. கோபுரத்துக்கு முடியில்லை, ஆயாவுக்கு அடியில்லை. தத்துவம் இதற்குமேல் விளங்க வேண்டுமா?

மட்டமான படக்காரர்கள் வேறு மாதிரிச் செய்வார்கள். கோபுரத்தை விட்டுக் கிழக்கே நன்றாகத் தள்ளிப்போவார்கள். ஆயாவைக் கோபுரத்தடியில் நிறுத்தாமல் தமக்கு நாலு எட்டு முன்னால் நிறுத்துவார்கள். முழங்கால் மடக்கிக் குனிந்து, கைப்பேசியை அண்ணாத்தாமல் நேராகப் பிடிப்பார்கள். ஆயாவும் கோபுரமும் தலைமுதல் கால்வரை ஒரே சட்டத்துக்குள் அடங்கிவிடுவார்கள். அண்ணாத்திப் பிடித்தால் கோபுரத்தின் இரு விளிம்புகளும் உள்வாங்கிப் பின்பக்கம் மல்லாந்து விழுவதுபோல் வரும் என்பது அவர்களுக்கு யாரோ சொல்லிக் கொடுத்த பாடம். தாங்களோ வைத்த காலைப் பின்வைக்காத மறவர். களத்தில் ஓரடிகூடப் பின்வாங்காத தமிழ்க் குடியின் கடைசி வாரிசு.

சாய்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். இத்தாலியில் பைசா நகரத்துக் கோபுரம் இன்றைக்கு இருக்கும் சுமார் 4 டிகிரி சாய்வை அடையப் பல நூற்றாண்டுகள் பிடித்தன. கிருஷ்ணதேவராயர் தொடங்கிச் செவ்வப்ப நாயக்கர் காலத்தில் முடிந்த எங்கள் ராஜகோபுரம் இத்தனை காலமும் செங்குத்தாக நின்று காலத்தை வீணாக்கியது. தாங்கள் ஒற்றைக் கையில் தேங்காய் மூடியையும் மறு கையில் கைப்பேசியையும் பிடித்து ஒரு நொடியில் இரண்டு மடங்கு சாய்த்துவிட்டீர்கள். கைப்பேசியின் அமைப்புகளுக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டுக் காட்டும் வசதி ஒன்று தூங்குகிறது. அந்தக் கோட்டோடு கோபுரத்தின் நடுவை ஒட்டிவைத்தால் சாய்வு போய்விடும். வாங்கிய நாள்முதல் அதை எழுப்பாத தங்கள் ஜீவகாருண்யத்தை வள்ளலார் பார்த்திருந்தால் நெகிழ்ந்திருப்பார்.

ஞாயிறு போற்றா ஞாயிறே!

வெளிச்சத்தைப் பார்த்துப் படம் எடுப்பவன் வெளிச்சத்துக்கு அடிமை. தாங்கள் சுதந்திரப் பறவை.

எங்கள் கோயில் மலைக்குக் கிழக்கே அடிவாரத்தில் இருக்கிறது. ராஜகோபுரம் கிழக்கே பார்த்து நிற்கிறது. காலை வெயில் நேராக அதன் முகத்தில் விழும். பின்னால் மலையின் பாறை மடிப்புகளும் அதே வெயிலில் துலங்கும். சூரியன் உதித்துச் சற்று நேரம்வரை கோபுரச் சுதைச் சிற்பம் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மெல்லிய நிழல் விழுந்து, மூக்கும் முழியும் எடுப்பாகத் தெரியும். சாயங்காலத்தில் கதை தலைகீழ். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குவதால், மற்ற ஊர்களில் பொன்வெயில் அடிக்கும் நேரத்தில் இங்கே மலையின் நிழல் வந்து கோயிலை மூடிவிடும். அந்த நேரத்தில் அழகு மலையின் வெளிக்கோட்டில்தான் இருக்கிறது. கோபுரத்தின் முகத்தில் இல்லை. கோயில் வாசலில் பூக்கட்டும் பெண்களுக்கு இதெல்லாம் தெரியும். எந்த நேரத்தில் கூடையை எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்பதை இந்த நிழலை வைத்தே முடிவு செய்கிறார்கள்.

தாங்கள் காலை ஒளியில் துயில் கொள்வீர்கள். எழுந்து, குளித்து, பொங்கலும் வடையும் முடித்து, உச்சி வெயிலில் வீதிக்கு எழுந்தருள்வீர்கள். அப்போது சூரியன் நேர் மேலே. நெற்றியின் நிழல் கண்ணை மறைக்கும், மூக்கின் நிழல் மீசையாகும். தங்கள் சகதர்மிணியாருக்கும் மீசை வைத்துக் காட்டிய சமத்துவப் பார்வை இந்த மாவட்டத்தில் வேறு யாருக்கு உண்டு? அதே ஆட்களைப் பத்தடி நகர்த்தி ஒரு மண்டபத்தின் விளிம்பில், நிழலும் வெளிச்சமும் சந்திக்கும் இடத்தில், வெளியே பார்த்து நிறுத்தினால் முகம் பளிச்சென்று வந்து தொலைத்திருக்கும். தாங்கள் அந்த விபத்துக்கு இடம் கொடுக்கவில்லை.

ஸ்கந்தாசிரமம் போகும் மலைப்பாதையில் ஒரு பாறை இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் ஒன்பது கோபுரங்களும் நாலு மதிலும் தரையில் வரைந்த படம்போல விரியும். பார்வை கிழக்கே போவதால் காலையில் சூரியன் கேமராவுக்கு எதிரே இருப்பார். பிற்பகலில் முதுகுக்குப் பின்னால் வந்துவிடுவார். மலை நிழல் கோயிலைத் தொடும்வரை கோபுரங்கள் ஒவ்வொன்றாக எண்ணும்படி தெரியும். தாங்கள் அங்கே போவது மட்டும், துயிலைத் துறந்து, காலையில்தான். கோயில் இருந்த இடத்தில் வெண்புகை. முன்னால் தங்கள் தலை கரிக்கட்டை. அந்தப் பாறையில் முன்னால் அமர்ந்தவர்கள் எடுத்த அதே படத்தை, அதே கோணத்தில், அதே "அமைதி தேடி" என்ற வாசகத்துடன் எடுத்து மரபைக் கட்டிக் காக்கிறீர்கள். இரண்டடி இடப்பக்கம் நகர்ந்து பார்த்தால் என்ன தெரியும் என்ற விபரீத எண்ணம் தங்கள் பரம்பரையில் எவருக்கும் தோன்றியதில்லை.

மகாதீபத்துக்கு ஒளியூட்டிய மாமணியே!

கார்த்திகைத் தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு மலையுச்சியில் தீபம் ஏறும். அதற்குச் சற்று முன்னால், ஆண்டுக்கு ஒரே முறையாக, அர்த்தநாரீஸ்வரர் ஆடிக்கொண்டே வெளியே வந்து ஓரிரு நிமிடம் காட்சி தந்து உள்ளே போய்விடுவார். அந்த ஓரிரு நிமிடத்துக்காக ஊரே நாள் முழுதும் காத்துக் கிடக்கும். அந்த நேரத்தில் தாங்கள் செய்யும் தொண்டுதான் பெரிது. கைகள் இரண்டையும் தலைக்குமேல் உயர்த்துகிறீர்கள். பின்னால் நிற்பவர்கள் பக்தி என்று நினைக்கிறார்கள். தங்களுக்கு முன்னால் நிற்பவரும் உயர்த்தியிருக்கிறார். ஆகவே தங்கள் படத்தில் இருப்பது அவருடைய கைப்பேசி. அதன் திரையில் இருப்பது அவருக்கு முன்னால் நின்றவரின் கைப்பேசி. எல்லாத் திரைகளுக்கும் அப்பால், புள்ளியாக, பாதி ஆணும் பாதி பெண்ணுமானவர். ஒன்றுக்குள் ஒன்றாக இத்தனை கோசங்களை உரித்துக் காட்டியவர் ஆதிசங்கரருக்குப் பின் தாங்கள்தான்.

பிறகு மலையுச்சியில் சுடர் எழுகிறது. தாங்கள் கைப்பேசியின் ஃபிளாஷைப் போடுகிறீர்கள். அந்த விளக்கு மூன்று நாலு மீட்டர் தாண்டினால் ஓய்ந்துவிடும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்வாசியாகிவிடும் என்பது பௌதிகம். ஆயிரக்கணக்கான கிலோ நெய் எரியும் கொப்பரைக்குத் தரையிலிருந்து தங்கள் பங்குக்கும் சற்று ஒளி போய்ச் சேரட்டும் என்ற அந்த ஈகையைப் பௌதிகம் அறியாது. ஒளி மலைக்குப் போய்ச் சேரவில்லை. முன்னால் நின்றவரின் வழுக்கைத் தலைக்குப் போய்ச் சேர்ந்தது. அன்று தங்கள் படத்தில் இரண்டு ஜோதிகள்.

போதாததற்கு, விரல்களால் திரையை விரித்துச் சுடரைப் பெரிதாக்குகிறீர்கள். அப்படி விரிப்பதில் பெரும்பகுதி, எடுத்த படத்தின் நடுவை வெட்டி ஊதிக் காட்டுவதுதான். புதிதாக ஒரு விவரமும் வராது. விபூதியும் வியர்வையும் அகல்விளக்கு நெய்யும் பட்ட விரலால் லென்ஸைத் தொட்டதால் ஒவ்வொரு விளக்கிலிருந்தும் நாலு பக்கமும் கீற்று ஓடுகிறது. வேட்டி நுனியால் ஒரு தடவை துடைத்திருந்தால் அந்தத் தெய்வீகக் கதிர்கள் மறைந்திருக்கும். நல்லவேளை.

தீபம் ஏறும் நேரம் சூரியன் மறைந்து சற்றே ஆன நேரம். வானம் இன்னும் கருநீலமாக இருக்கும். மலையின் உருவம் அதில் பதிந்து தெரியும். முழு இருட்டு விழுவதற்குள் ஒரு சுவரிலோ கம்பத்திலோ கைப்பேசியைச் சாய்த்து வைத்து, இரவுப் படத்துக்கான வசதியைப் போட்டு, மூச்சைப் பிடித்து மூன்று நொடி அசையாமல் இருந்தால் மலையும் வரும், சுடரும் வரும், கீழே கைகூப்பிய ஊரும் வரும். தாங்கள் அந்த நேரத்தை, அதுவரை எடுத்த செல்ஃபிகளில் எதைப் பதிவிடுவது, எதை விடுவது என்ற விசாரணையில் கழிக்கிறீர்கள். "நான் யார்?" என்று விசாரிக்கச் சொன்ன மகான் ரமணர் வாழ்ந்த ஊர்தானே இது!

நிலவுக்கு முகம் எழுதிய நிபுணரே!

பௌர்ணமி தோறும் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் போகும் லட்சக்கணக்கானவர்களில் நிலவைத் திருத்த வேண்டும் என்ற அக்கறை தங்களுக்கே வந்தது.

நிலவு வானத்தில் பிடிக்கும் அகலம் அரை டிகிரி. கைப்பேசியின் முதன்மை லென்ஸோ எழுபது டிகிரிக்குக் குறையாமல் பார்க்கிறது. ஆகவே படத்தில் நிலவு ஒரு சோற்றுப் பருக்கை அளவுக்குத்தான் வரும். அதுவும் வெயில் பட்டு ஒளிரும் பாறை அது. சுற்றிலும் உள்ள இருட்டைப் பார்த்துக் கேமரா அதிக வெளிச்சத்தை அள்ளிக்கொள்வதால் வெறும் வெள்ளைப் பொட்டாகிவிடும். திரையில் நிலவின்மேல் விரலை வைத்து அழுத்தி, வெளிச்சத்தைக் கீழே இழுத்தால் ஓரளவு வட்டம் தெரியும். படத்தை உயர்த்த ஆசைப்படுபவர் இன்னும் ஒன்று செய்வார்: நிலவை விட்டுவிட்டு, நிலவு விழும் தோள்களைப் பார்ப்பார். குபேர லிங்கத்தருகே செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்கும் கிழவர், தூங்கிய குழந்தையைத் தோள் மாற்றும் தகப்பன், தேநீர்க் கடையின் ஆவியில் பாதி மறைந்த முகங்கள்.

தாங்கள் இவற்றுக்கெல்லாம் இறங்கி வருபவர் அல்ல. செயலியில் ஒரு பித்தான். பள்ளமும் மேடும் தெரியும் பிரம்மாண்ட நிலவு தயார். 2023 மார்ச்சில் ஒருவர் வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலவுப் படத்தைக் கணினித் திரையில் வைத்து, இருட்டறையில் எட்ட நின்று, சாம்சங் கைப்பேசியால் எடுத்துக் காட்டினார். திரையில் இல்லாத பள்ளங்கள் படத்தில் வந்தன. உலகம் அதை ஒரு சர்ச்சையாக்கிப் பேசியது. தாங்கள் அதை ஒரு பரிந்துரையாக எடுத்துக்கொண்டீர்கள்.

இந்த மண்ணுக்கு அது பொருத்தமும்கூட. முடியைக் கண்டதாகப் பிரமன் சொன்ன பொய்க்குச் சாட்சி சொல்லித் தாழம்பூ சிவபூசையிலிருந்து விலக்கப்பட்டது இந்தத் தலத்துக் கதையில்தான். பாவம், அந்தப் பூ முன்கூட்டியே பிறந்துவிட்டது. தங்கள் காலத்தில் பிறந்திருந்தால் அந்தச் சாட்சியத்துக்கு ஆயிரம் லைக்கும் "வேற லெவல் அண்ணா" என்ற தீர்ப்பும் கிடைத்திருக்கும். வெளிர்நிறக் கோபுரங்களுக்குப் பின்னால் தாங்கள் ஒட்டிய ஊதா மேகங்களைப் பார்த்து, வெளியூரிலிருந்து வந்த ஒருவர் அந்த மேகம் எத்தனை மணிக்கு வரும் என்று ஆட்டோக்காரரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

கறுப்பை ஒழித்த காருண்யரே!

தமிழ்நாட்டில் ஒரு நூற்றாண்டு சீர்திருத்தம் பேசியும் முடிக்காத வேலையைத் தாங்கள் ஒரு ஃபில்டரில் முடித்தீர்கள். தங்கள் குடும்பப் படத்தில் கறுப்பாக யாருமே இல்லை. அம்மா ரோஜா நிறம். மகள் பால் நிறம். வயலில் ஐம்பது வருஷம் நின்ற ஆயாவின் நெற்றிக் கோடுகளை நீவித் தள்ளி, கன்னத்தைத் தட்டி நிரவி, இப்போதுதான் பிறந்த குழந்தைபோல ஆக்கிவிட்டீர்கள். படத்தைக் கையில் வாங்கிய ஆயா, "யாருடா இது, பொண்ணு பாக்க நல்லா இருக்கா" என்றார். இதைவிடப் பெரிய பாராட்டை எந்தக் கலைஞன் சொந்த வீட்டில் வாங்கியிருக்கிறான்?

இந்த ஊரில் எடுத்த ஒரு முகம் உலகம் முழுக்கச் சுவர்களில் தொங்குகிறது. 1946-ல் பெங்களூரிலிருந்து வந்த ஜி.ஜி. வெல்லிங் எடுத்த ரமணரின் மார்பளவுப் படம். வெள்ளை முடி வெள்ளையாகவே இருக்கிறது. சுருக்கம் சுருக்கமாகவே இருக்கிறது. பின்னணியில் ஒன்றுமில்லை, கவனத்தைப் பிடித்துக்கொள்ள வேறு பொருளும் இல்லை. கண்ணில் மட்டும் கூர்மை. முகம் எடுக்கும்போது கண்ணைத் தெளிவாகப் பிடித்துவிட்டால் மற்றதைப் படம் பார்ப்பவரே நிரப்பிக்கொள்வார் என்பது அந்தத் தலைமுறையின் அசட்டு நம்பிக்கை. தோலைப் பளபளப்பாக்கும் பித்தான் வெல்லிங்குக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் நமக்கு ஒரு அழகுசாதன விளம்பரம் மிஞ்சியிருக்கும். ஒரு முகம் மிஞ்சியது.

அனுமதி கேளா அருளாளரே!

கிரிவலப் பாதையில் அமர்ந்திருக்கும் சாதுக்களைத் தாங்கள் படம் எடுக்கும் முறையை ஒற்றர்களுக்கும் பாடமாக வைக்கலாம். எதிர்ப்பக்கக் கடை மறைவு. கைப்பேசி இளநீருக்குப் பின்னால். அனுமதி கேட்டால் இயல்பு கெட்டுவிடும் என்பது தங்கள் கலைநெறி. எடுத்தபின் பெயர் கேட்பதில்லை; அவர் ஊர் எது, எத்தனை வருஷமாக அந்த வேப்பமரத்தடியில் இருக்கிறார், சாப்பிட்டாரா என்றும் கேட்பதில்லை. ஆனால் அவர் படத்துக்குக் கீழே "ஞானத்தின் முகம்" என்று எழுதுகிறீர்கள். அவர் துறந்தது வீடு, மனைவி, சொத்து. அவர் முகத்தையும் துறக்க உதவியவர் தாங்கள்.

முன்னொரு காலத்தில் சென்னையிலிருந்து டி.என். கிருஷ்ணசாமி என்று ஒருவர் இங்கே வந்துகொண்டிருந்தார். தொழிலால் மருத்துவர், ஆசையால் புகைப்படக்காரர், தங்களைப் போலவே. ரமணரை அவர் எடுத்த படங்கள் ஏராளம். அந்த மருத்துவர் கண்டுபிடித்த குறுக்கு வழி விசித்திரமானது: திரும்பத் திரும்ப வந்தார், பக்கத்தில் உட்கார்ந்தார், பழகினார். கேமரா ஒரு வேற்றுப் பொருளாகத் தெரியாத அளவுக்கு அந்த இடத்துக்கு உரியவர் ஆனார். ஒரே ஆளை, ஒரே இடத்தை, மறுபடி மறுபடி எடுப்பவருக்குத்தான் அடுத்த படம் முந்தியதைவிட நன்றாக வரும் என்ற பழைய ஏமாற்று வித்தை அது. தாங்கள் ஒருமுறை எடுத்தவரை மறுமுறை திரும்பியும் பார்ப்பதில்லை. பற்றற்ற நிலை என்பது இதுதான்.

தங்கள் துணிவுக்கு இன்னொரு சான்று. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் கைப்பேசியைத் தடை செய்யச் சொன்னது. கோயிலின் தூய்மையும் அமைதியும் காரணம் என்றது. அன்றுமுதல் தாங்கள் அந்த உத்தரவை மதித்து, கைப்பேசியை இடுப்பு மடிப்புக்குள் மிகவும் தூய்மையாகவும், சத்தத்தை அணைத்து மிகவும் அமைதியாகவும் எடுத்துச் செல்கிறீர்கள்.

எண்ணிக்கைச் சக்கரவர்த்தியே!

ஆக்ஃபா கிளிக் 3 கேமரா வைத்திருந்த நம் தாத்தாக்கள் கஞ்சர்கள். ஒரு ஃபிலிம் சுருளில் பன்னிரண்டு படம். ஊட்டியில் தயாரான 'இந்து' என்ற ஃபிலிமை வாங்கி, கல்யாணத்துக்கு மூன்று, காதுகுத்துக்கு இரண்டு என்று பங்கு பிரிப்பார்கள். பித்தானை அழுத்துவதற்கு முன் ஆளைத் திருப்புவார்கள், வெளிச்சம் பார்ப்பார்கள், பின்னால் குப்பைத்தொட்டி இருந்தால் நகர்த்துவார்கள். ஸ்டூடியோவில் கழுவிப் பிரிண்ட் வரும்வரை காத்திருப்பார்கள். இத்தனையும் ஒரே ஒரு படத்துக்கு.

தாங்கள் ஒரு பஞ்சாமிர்தக் கிண்ணத்துக்கே நாற்பது எடுக்கிறீர்கள். நாற்பதும் ஒரே படம். அவற்றில் ஒன்றைத் தேர்ந்து மற்றதை அழிப்பதுதான் படக்கலையில் பாதி என்பார்கள். தாங்கள் கொல்லாமை நோன்பினர், ஒன்றையும் அழிப்பதில்லை. நாற்பதையும் குடும்பக் குழுவில் அனுப்பி, மாமாவின் கைப்பேசியில் இடமில்லாமல் செய்து, அவருடைய வங்கிக் கடவுச்சொல் குறுஞ்செய்தியையும் வரவிடாமல் தடுத்து, இணைய மோசடியிலிருந்து காப்பாற்றினீர்கள். வாட்ஸ்அப்பில் படத்தைப் படமாக அனுப்பினால் அது சுருங்கி விவரம் இழக்கும். டாக்குமெண்டாக அனுப்பினால் முழுதாகப் போகும். தாங்கள் சுருக்கி அனுப்புவது எங்கள் கண்களின்மேல் வைத்த கருணையால் என்று புரிந்துகொள்கிறோம்.

1950 ஏப்ரலில் இந்த ஊருக்கு ஒரு பிரெஞ்சுக்காரர் வந்தார். பெயர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன். கையில் லைக்கா. படத்தைப் பின்னால் வெட்டித் திருத்த மாட்டார், ஃபிளாஷ் போட மாட்டார், எடுக்கும்போதே சட்டத்துக்குள் எல்லாம் அமைய வேண்டும் என்று வீம்பு பிடித்தவர். 1948 ஜனவரி 30 அன்று, காந்தி சுடப்படுவதற்குச் சற்று முன்பு அவரைச் சந்தித்தவர். இங்கே ரமணரின் கடைசி நாள்களைப் படம் எடுத்தார். ஏப்ரல் 14 இரவு ரமணர் மறைந்த வேளையில், வானில் ஒளிவால் கொண்ட விண்மீன் ஒன்று மெல்ல நகர்ந்து மலையுச்சிக்குப் பின்னால் மறைவதைப் பார்த்தார். உடனே கடிகாரத்தைப் பார்த்தார். மணி 8.47. அவ்வளவுதான். உலகத்தின் தலைசிறந்த புகைப்படக்காரர் அண்ணாந்து வெறுங்கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். வாழ்நாள் முழுக்கச் சொல்வதற்கு அது அவருக்குப் போதுமானதாக இருந்தது.

தாங்கள் அந்த இடத்தில் இருந்திருந்தால் இப்படிக் கோட்டை விட்டிருப்பீர்களா? காணொளியைத் தட்டியிருப்பீர்கள். சேமிப்பகம் நிரம்பிவிட்டது என்று திரை சொல்லியிருக்கும். தாங்கள் நோன்பை முறித்து, குனிந்து பஞ்சாமிர்தப் படங்களை அழித்துக்கொண்டிருக்கும்போது விண்மீன் மலையைக் கடந்திருக்கும். அதன் பிறகு செயலியில் ஐந்து விண்மீன்களை வைத்துச் சரிசெய்திருப்பீர்கள்.

அன்றாடம் தீண்டா அறவோரே!

இறுதியாக, தங்கள் பெருமைகளில் தலையாயது. தாங்கள் சாதாரணமான எதையும் எடுத்ததில்லை.

2014-15-ல் இங்கே குடியிருந்த புகைப்படக் கலைஞர் அபுல் கலாம் ஆசாத், ஏகலோகம் என்ற புகைப்பட அறக்கட்டளையின் வழியாக, 'ப்ராஜெக்ட் 365' என்று ஒரு வேலையைத் தொடங்கினார். கேமராவும் கையுமாகப் பலர் கூடி இந்த ஊரின் மனிதர்களையும் தெருக்களையும் நாள்தோறும் பதிந்தார்கள். அவர்களுக்கு வேறு வேலை இல்லை. தங்களுக்கு இருக்கிறது. பௌர்ணமி முடிந்த விடியற்காலையில், லட்சம் பேர் போட்டுவிட்டுப் போன காகிதத் தட்டுகளைக் கூட்டி அள்ளும் தூய்மைப் பணியாளர் தங்கள் படத்தில் இல்லை. தீபத் திருவிழாவையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் கைகள் இல்லை. சாமி ஊர்வலம் போனபின் தெருவில் கிடக்கும் பூவை மேயும் மாடு இல்லை. தங்கள் வீட்டு அடுப்படியில் ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கம் விழ, வெங்காயம் அரிந்துகொண்டிருக்கும் அம்மா இல்லை. ஜன்னலோரம் என்பது செலவில்லாத ஸ்டூடியோ. விளக்கை அணைத்துவிட்டு, அவரை வேலை செய்யவிட்டு, பக்கவாட்டில் இரண்டடி நெருங்கி நின்றால் போதும். ஆனால் அம்மா தினமும்தான் அங்கே இருக்கிறாரே, அதில் என்ன இருக்கிறது என்ற தங்கள் ஞானம் எங்களுக்கு வாய்க்காது.

நகராட்சி மாநகராட்சியாகிவிட்டது. ஓட்டு வீடுகள் விடுதிகளாகின்றன, திண்ணைகள் ஏ.டி.எம். ஆகின்றன. மாறிப்போவதற்கு முன் அவற்றை எடுத்துவைக்க ஒரு சாதாரணக் கைப்பேசியும் வீட்டிலிருந்து நூறு அடி நடையும் தேவை. தாங்கள் அந்த நூறு அடியையும் மிச்சப்படுத்தினீர்கள். ஐம்பது வருடம் கழித்து யாராவது, இந்த ஊர் எப்படி இருந்தது, மக்கள் என்ன உடுத்தினார்கள், எந்தத் திண்ணையில் உட்கார்ந்தார்கள் என்று கேட்டால், தங்கள் சேமிப்பைத் திறந்து காட்டலாம். தங்கள் முகம் எப்படி இருந்தது என்பது அவர்களுக்கு ஐயந்திரிபற விளங்கும். அதுவும் ஃபில்டர் போட்டபின் எப்படி இருந்தது என்பது.

ஆகவே ஐயா, இனியும் தாங்கள் படத்தைத் திருத்துக. பார்வையைத் திருத்திக்கொள்ள வேண்டாம். பொறுத்திருந்து எடுக்க வேண்டாம். பக்கத்தில் போய்ப் பேச வேண்டாம். எடுத்த படத்தை மறுநாள் எடுத்துப் பார்த்து, எங்கே தவறியது என்று ஒருபோதும் யோசிக்க வேண்டாம். அப்படி யோசிக்கத் தொடங்கினால் தாங்கள் நல்ல படம் எடுத்துவிடும் அபாயம் இருக்கிறது. பிறகு இப்படி ஒரு மடலை நாங்கள் யாருக்கு வாசிப்பது?

வாழ்க தங்கள் தொண்டு. வளர்க தங்கள் சேமிப்பகம்.

இங்ஙனம்,
தங்கள் படங்களுக்கு வெளியே வாழும்
திருவண்ணாமலை மக்கள்.